காற்றடித்த மறுநாள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அம்மா மூன்று பேரும் சண்டை சச்சரவில்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் ‘நல்லா இருக்கேன்’ என்பதோடு முடிந்துவிடுகிறது, கடிதம் என்றால் உன்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்கலாம் என்று அம்மா சொன்னாளாமே. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நாள் முழுக்க கிரேனின் கைப்பிடிகளைப் பிடித்த கைக்குப் பேனா மறந்துவிட்டது.

நான் கேட்ட கிரேனையே கொடுத்துவிட்டார்கள். இந்த இடத்திலேயே உயரமானது. காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலுக்குக் கீழே கண்ணாடி. கண்ணாடி வழியாகப் பார்த்தால் குருவி தெரிவான். குருவி என்பது கீழே நின்றுகொண்டு வாக்கி டாக்கியில் ‘ஏத்து, இறக்கு, நில்லு’ என்று எனக்குச் சொல்கிறவன். ஆள் சின்னவன், குரல் பெரியது. பேர் அப்படித்தான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறை. குறட்டை விடுவான், மற்றபடி தங்கமானவன்.

போன வாரம் இங்கே பெருங்காற்று. காற்று ஓர் அளவைத் தாண்டினால் கேபினில் மணி அடிக்கும், இறங்கிவிட வேண்டும். இறங்கும்போது கிரேனின் நீளக் கையைப் பூட்டக் கூடாது தெரியுமா? அவிழ்த்து விட்டுவிட வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அது பாட்டுக்குச் சுற்றும். பூட்டி வைத்தால் கிரேனே சாய்ந்துவிடும். கிரேன் நின்றால் கட்டடமும் நின்றுவிடும், எல்லோருக்கும் லீவு. நாங்களும் அறையில் சும்மா இருந்தோம்.

மாமாவின் இடுப்பு வலி எப்படி? அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் தம்பி

பின்குறிப்பு: இதை அம்மாவுக்குப் படிக்காதே. காற்று நின்று மறுபடி ஏறிய அன்று நெஞ்சு ஒரு மாதிரி பண்ணியது. வலி இல்லை. உள்ளே யாரோ ஓடுகிற மாதிரி இருந்தது. உயரம் புதுசு, பழகினால் சரியாகிவிடும்.


மார்ச் 19

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், நலம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு. உன் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு மன்னிப்பு. உன் பின்குறிப்பையும் சேர்த்துப் படித்துவிட்டேன். பஸ்ஸில் ஸ்டாப் பெயர்களை மூச்சு விடாமல் கத்துகிற வாய், ஓடுகிற வேகத்தில் நிற்கவில்லை. ‘படிக்காதே’ என்பதைப் படித்த பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. அதற்குள் மீதியும் வெளியே வந்துவிட்டது. கண்டக்டர் வேலை பார்க்கிறவளுக்கு ரகசியம் எழுதுகிறவன் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

அம்மா எழுந்து போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன்.

டாக்டரைப் பார். உயரம், பழக்கம் என்று சாக்குச் சொல்லாதே. அப்புறம் ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. அது வந்ததற்கு முந்தின நாள் என்ன செய்தாய்? என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மாமாவின் இடுப்பு அப்படியேதான். குனிய முடியாது என்பது பாத்திரம் கழுவ மட்டும்தான் பொருந்துகிறது.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நான் நலம். அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு, டாக்டரைப் பார்த்துவிட்டேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நீளமாக ஒரு காகிதம் எடுத்தார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டரம்மா நல்ல மாதிரி, வயசில் உன்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். சிகரெட்டா, குடியா, தூக்க மாத்திரையா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்றார்கள். அப்பாவைச் சொன்னேன். பிறவியிலேயே பலவீனமான இதயம், நாற்பதைத் தாண்டவில்லை என்று. அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார்கள்.

இந்த மாதம் மறுபடி காற்று. மறுபடி அதே ஓட்டம், ஏறிய அன்றைக்கே. காற்றில் கேபின் ஆடி ஆடி, அந்த ஆட்டம் உடம்புக்குள் தங்கிவிடுகிறது போல. வெளிச்சுவருக்கான ஒரு கண்ணாடிப் பலகையை இறக்குவதில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பெரிய விஷயம் இல்லை. மேஸ்திரி வழக்கம்போலக் கத்தினார்.

சாயந்தரத்துக்குள் தானாகவே சரியாகிவிட்டது. மறுநாள் போய் ஒயர் ஒட்டினால் எப்படித் தெரியும்? திருடன் போன பிறகு வருகிற போலீஸ் மாதிரிதான்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மே 6

தம்பிக்கு,

நாங்கள் நலம், உன் நலம் தெரியவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்விக்கு அதில் ஒரு வரி இல்லை.

பஸ்ஸில் இத்தனை வருஷம் நின்றதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஏறுகிறவன் முகத்தைப் பார்த்தாலே நேற்றைக்கு எப்படி இருந்தான் என்று தெரிந்துவிடும். லீவு முடிந்த மறுநாள் காலையில் சிலர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சட்டை இஸ்திரி போட்டிருக்கும், முகம் போட்டிருக்காது. ஜன்னல் சீட்டுக்காரரிடம் ‘கொஞ்சம் திறங்க’ என்பார்கள். சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொள்வார்கள். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, கடிதம்தான் வருகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அம்மா தினமும் காலையில் வாசலுக்குப் போய் மரத்தைப் பார்க்கிறாள். இலை அசைந்தால் ‘அங்கயும் அடிக்குமோ?’ என்கிறாள். அந்த ஊர்க் காற்றுக்கும் நம் தெரு மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். உன்னைக் கிரேனிலிருந்து இறங்கச் சொல்லி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ இறங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கேள்வி அப்படியே இருக்கிறது.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

டாக்டரம்மா ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து ஒரு நாள் முழுக்க நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன், தூங்கினேன். இலை அசையாத நாள். நெஞ்சு மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த வாரமே காற்று. காற்று நின்ற மறுநாள் ஏணியில் பாதி ஏறும்போதே தொடங்கிவிட்டது. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குருவிதான் ஏறி வந்து, ஒவ்வொரு படியாக என் காலைப் பிடித்து வைத்து இறக்கினான். முதலுதவி அறை நர்ஸ் ஒயரை ஒட்டினார், இந்தத் தடவை திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். கோடு கோணல்மாணலாக ஓடியது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் ஒரு ஒழுங்கும் இல்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றனவாம்.

காரணம் ஒன்றும் அகப்படவில்லை, அப்பாவுக்கும் இருந்திருக்கிறது, அதனால் பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்கிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி மாதிரி ஒன்றை இதயம் வரை கொண்டுபோய், கோளாறு பண்ணுகிற இடத்தைச் சுட்டுவிடுவார்களாம். ஆகஸ்ட் நடுவில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கேபினுக்குப் போகக் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே வருகிற லாரிகளுக்குக் கொடி காட்டுகிறேன். என் கிரேனில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். சுமையைத் தூக்கும்போது உலுக்குகிறான், பார்க்கவே பொறுக்கவில்லை. சுட்டுத் தொலைத்தாவது நான் மேலே போக வேண்டும். தரையில் எனக்குக் கால் நிற்கவில்லை.

அம்மா பயப்படாதபடி நீயே பதமாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 24
பஸ் டிப்போ

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இதை வீட்டில் எழுதவில்லை. டிப்போவில், டிக்கெட் கணக்கு ஒப்படைக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் பதிலை மேலே இருக்கிற முகவரிக்கே எழுது. இங்கே வருவதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நம் வீட்டில் கடிதம் என்றால் நாலு பேருக்கு நடுவில் படிப்பது என்று ஆகிவிட்டது. அதனால் நீயும் எழுதுவதில்லை, நானும் எழுதுவதில்லை.

உன் முதல் கடிதத்தில் ‘உள்ளே யாரோ ஓடுகிற மாதிரி’ என்று எழுதினாய். அது உன் வார்த்தை இல்லை, அப்பாவுடையது. நீ அப்போது இரண்டாம் வகுப்பு, உனக்கு ஞாபகம் இருக்காது. அவர் வேலை பார்த்த இரும்புப் பட்டறையில் பெரிய ஆர்டர் முடிந்தால் முதலாளியிலிருந்து கூலியாள் வரை குடிப்பார்கள். மற்ற நாளில் அப்பா தொட மாட்டார். அதனால் அவரைக் குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை, சொன்னால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு மட்டும் பாட்டில் காலியாகிற வரை குடிப்பார். மறுநாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ‘உள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்குடி’ என்பார் அம்மாவிடம். சாயந்தரம் சரியாகிவிடும். எல்லோரும் மறந்துவிடுவோம். கடைசித் தடவை சட்டையில் ஒரு கையை விட்டவர் மறுகையை விடவில்லை.

அவருக்குப் பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னாள், அதுவே நிலைத்துவிட்டது. குடிதான் கொன்றது என்றும் யாரும் எழுதித் தரவில்லை, நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பலவீன இதயத்தை நம்பித்தான் டாக்டர் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

உன் கடிதங்களை டிக்கெட் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நடையிலும் படிக்கிறேன். மார்ச்சில் காற்று, பிறகு ஓட்டம். ஏப்ரலில் காற்று, பிறகு ஓட்டம். காற்றில்லாத நாளில் பெட்டி கட்டினார்கள், ஒன்றுமில்லை. ஜூனில் மறுபடி காற்று. காற்று நெஞ்சுக்குள் போகாது, தம்பி. காற்றடித்தால் கிரேன் நிற்கும், எல்லோருக்கும் லீவு என்கிறாய். லீவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

திட்ட மாட்டேன். எழுது.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அம்மா, அக்கா, மாமா அனைவருக்கும்,

நான் நலம். நீங்கள் நலமா? இங்கே வெயில் குறைந்து இதமாக இருக்கிறது. வேலை மும்முரமாக நடக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. குருவி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லதாம், நர்ஸ் சொன்னார். ஆபரேஷன் ஒன்றும் பெரிசில்லை, இரண்டு நாளில் எழுந்து நடக்கலாமாம். யாரும் கவலைப்பட வேண்டாம், யாரும் வரவும் வேண்டாம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உங்கள் அன்பு மகன், தம்பி


ஜூலை 28
பஸ் டிப்போ

தம்பி,

டிப்போவில் எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ‘யாரோ எழுதிக் குடுத்ததைப் பாத்து எழுதின மாதிரி இருக்கே’ என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல ஆள் நீ. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், நீ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாய்.

திட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. இதற்கும் பதில் இல்லையென்றால் லீவு போட்டுவிட்டு நேரே வந்து அந்த டாக்டரம்மா முன்னால் உட்காருவேன், என்னைத் தெரியும் உனக்கு.

ஏப்ரலில் அந்தக் கண்ணாடிப் பலகையை இறக்கத் தாமதமானது என்றாயே, அப்போது அதற்கு நேர் கீழே யார் நின்றார்கள்?

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

குருவி.

இதை எழுதி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து மேலே எழுதுகிறேன்.

பலகை ஆடியதற்கு முந்தின இரண்டு நாளும் காற்று. நாங்கள் அறையில் சும்மா இருக்கவில்லை. காற்று மணி அடித்தால் இங்கே ஒரு வழக்கம், ஏணி இறங்கி நேரே கடைக்குப் போவதுதான். இருட்டும் வரை, சில நாள் அதற்கு மேலும். நானும் பாட்டில் தீரும் வரை குடிப்பேன். மற்ற நாளில் மோந்துகூடப் பார்க்க மாட்டேன். கேபினுக்கு வாசனையோடு போனதில்லை, அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு. அதனால் டாக்டர் ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டபோது இல்லை என்று வாய் தானாகச் சொன்னது. பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. தினமும் குடிக்கிறவன்தானே குடிக்கிறவன்?

பலகை பாதி உயரத்தில் இருந்தது. ஓட்டம் தொடங்கியது. கண் இருட்டியது, கை நழுவியது. கைப்பிடியை விட்டால் கிரேன் தானாக நின்றுவிடும், அதனால் பலகை விழவில்லை. ஆனால் ஊசலாடியது. வாக்கி டாக்கியில் குருவி ‘டேய், டேய், பேசுடா’ என்று கத்துவது கேட்கிறது, எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்களை விலக்கித் தள்ளிக்கொண்டிருந்ததில் அவன் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டான். பலகை சாரக்கம்பியில் மோதி ஒரு மூலை உடைந்து, துண்டு அவன் தோளைக் கிழித்தது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் தோளில்லை, கழுத்து.

மேஸ்திரியிடம் ‘காத்து தள்ளிடுச்சு’ என்று குருவியே சொல்லிவிட்டான். தையல் போட்ட தோளோடு, அடுத்த காற்றுக்கு அதே கையால் எனக்கு ஊற்றியும் கொடுத்தான். நானும் குடித்தேன். இதை எழுதத்தான் இத்தனை மாதம் முடியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். அப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“தினமும் குடிக்கிறவங்களைத்தான் கேக்கறீங்கன்னு நினைச்சேன், டாக்டர்.”

“உங்க இதயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. மாசத்துல ஒரு நாள்னாலும் மொத்தமா ஊத்தினா அதுக்கு மொத்தமாத்தான் வரும்.”

ஒரேயடியாகக் குடித்தால் இதயத்துக்குள் ஓடுகிற மின்சாரம் குழம்பிப் போகுமாம். குடிக்கும்போதும் வரலாம், பலருக்குப் போதை இறங்குகிற மறுநாள்தான் வரும். தூக்கமும் இல்லை, உடம்பில் தண்ணீரும் இல்லை என்றால் சொல்லவே வேண்டாம். நீண்ட லீவு முடிந்தால் இந்த மாதிரி நாலைந்து பேராவது வருவார்களாம், டாக்டர்கள் இதற்கு ‘லீவு நாள் இதயம்’ என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். நல்ல திடமான இதயத்துக்கும் வரும். தானாகச் சரியாகிவிடுகிறதே என்றேன். “சரியாகற வரைக்கும்தாங்க சரியாகும். அப்புறம் ஒரு நாள் போகாமலே தங்கிடும். நடுங்கற அறையில ரத்தம் உறைஞ்சு கட்டியாகி மூளைக்குப் போச்சுன்னா கை கால் போயிடும்” என்றார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். “நான் பாக்காத ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. உங்களைப் பத்திச் சொல்றேன், ஒரு சொட்டுகூட வேண்டாம்.”

ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. நவம்பர் வரை குடிக்காமல் இருந்து, பெட்டி கட்டி மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் வந்தால் சுடுவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். கம்பெனிக்கு உண்மையை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்கள், எழுதட்டும் என்றேன். அதுவரை வாசலில் கொடிதான்.

குருவியிடமும் சொன்னேன். அவன் சிரித்தான். “நானும்தான் அவ்வளவும் குடிக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே” என்றான்.

அம்மாவிடம் எதைச் சொல்வது என்று உனக்கே விட்டுவிடுகிறேன். உடம்பு நலம். மனசு பாட்டுக்கு அலைகிறது.

உன் தம்பி


ஆகஸ்ட் 17

என் தம்பிக்கு,

நாங்கள் நலம், நீயும் நலம், இந்தத் தடவை நம்பி எழுதுகிறேன். இது வீட்டிலிருந்துதான்.

உன் கடிதத்தை டிப்போவில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தபோது என் பஸ் கிளம்பிப் போய்விட்டது. கண்டக்டர் இல்லாமல் இரண்டு ஸ்டாப் போயிருக்கிறது, டிரைவர் இன்னும் பேசவில்லை.

அம்மாவுக்கு முழுசாகப் படித்துவிட்டேன். மறைத்துப் பார்த்தது போதும். குருவி என்ற சொல்லிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள், தண்ணீர் குடித்தாள், மேலே படி என்றாள். முடிந்ததும் அப்பாவைப் பற்றி அவளே பேசினாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. “செத்தவரைக் குடிச்சுச் செத்தார்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதைச் சொல்லியிருந்தா இவன் பயந்திருப்பான்” என்று அழுதாள். நானும் அழுதேன். மாமா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார், அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்ட கேள்வியைத்தான் உனக்கு எழுத வேண்டும். டாக்டர் சொன்னதும் அவளுக்குப் புரிந்தது, நீ விட்டுவிடுவாய் என்றும் நம்புகிறாள். ஆனால் கேட்டாள்: “மறுபடி காத்து அடிச்சா, எல்லாரும் கிளம்பிப் போனதுக்கப்புறம், அவன் எங்க போவான்?”

அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு, இதைப் படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாவுக்கும் மாமாவுக்கும்,

நலம். நீங்களும் நலம்தானே? இதை முழுக்கப் படி, பின்குறிப்பு இருந்தால் அதையும்.

போன மாதம் பெட்டி கட்டினார்கள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒரு கோணல்கூட இல்லை. திங்கட்கிழமை என் கிரேனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்காலியை அந்த ஆள் தன் உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தான். அதைச் சரி பண்ணவே அரை நாள் ஆனது.

இன்றைக்கு மத்தியானம் மணி அடித்தது. காற்று. கிரேனின் கையை அவிழ்த்து விட்டுவிட்டு இறங்கினேன். கீழே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். குருவி தலையை ஆட்டிக் கூப்பிட்டான். அறைக்குப் போய் கடிதம் எழுத வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “காதல் கடிதமாடா?” என்றான் ஒருவன். ஆமாம் என்றேன்.

வாசலில் கொடி காட்டிய மாதங்களில் காற்றடித்தால் எனக்கு லீவு இல்லை, லாரி வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அப்போது சமாளித்துவிட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவை. எழுத ஒன்றும் இல்லை, ஆனால் பேனாவை வைத்தால் கால் செருப்பைத் தேடுகிறது. இந்த அறையில் இரண்டு கட்டில், ஒரு மேஜை, சொட்டுகிற ஒரு குழாய். குழாய்க்கு அடியில் வாளியை வைத்தேன், சத்தம் அதிகமாகிவிட்டது. எடுத்துவிட்டேன். குருவியின் சட்டைகளையும் சேர்த்து மடித்து வைத்தேன். ஜன்னல் வழியாக என் கிரேன் தெரிகிறது. அதன் கை மெதுவாகச் சுற்றி அந்தப் பக்கம் போகிறது, கொஞ்சம் நின்று இந்தப் பக்கம் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது, அம்மா. நெஞ்சைப் பற்றி இல்லை, இந்தச் சாயந்தரத்தைப் பற்றி.

இப்போது குருவி வந்தான். கதவைத் திறந்து பார்த்தான், “இன்னுமா எழுதற? அப்படி என்னதான் இருக்கு?” என்றான். குழாய் சொட்டுவதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தோளைச் சொறிந்துகொண்டான், தையல் போட்ட இடம், காற்றுக்கு அரிக்கிறதாம். “சரி, எழுது” என்று போய்விட்டான். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. கூடப் போகாமல் இருக்க மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா, நீ கேட்டாயே, காற்றடித்தால் எங்கே போவான் என்று. இங்கேதான் இருக்கிறேன்.

தாள் முடியப் போகிறது. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இதுதான். போட்டுவிட்டால் கடிதம் முடிந்துவிடும். காற்று இன்னும் நிற்கவில்லை. இன்னொரு தாள் எடுத்துக்கொள்கிறேன்.